மேட்சிங் நன்கொடை: கையால் செய்வதா, தளத்தில் பதிவதா, மென்பொருள் வாங்குவதா?

ஊழியர் ஒரு தொண்டு அமைப்புக்கு நன்கொடை கொடுத்தால், அவர் வேலை பார்க்கும் கம்பெனியும் தன் பங்காக அதே அளவு பணம் போடும். இதைத்தான் மேட்சிங் என்கிறோம். புதிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 1954-இல், தன் ஊழியர்கள் தாங்கள் படித்த கல்லூரிகளுக்குக் கொடுக்கும் பணத்துக்கு ஈடு போட ஆரம்பித்ததைத்தான் இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். இன்று பெரிய கம்பெனிகள் பலவற்றில் இது சாதாரணமாகிவிட்டது. அப்படியிருந்தும் சிறிய, நடுத்தர அமைப்புகள் பலவற்றின் வரவுக் கணக்கில் இதற்கான இடம் காலியாகவே கிடக்கிறது.

"நாமும் இதைச் செய்யலாமே" என்று நிர்வாகக் குழு உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் ஒரே நேரத்தில் நான்கைந்து யோசனைகள் வரும். நன்கொடைப் பக்கத்தில் கம்பெனிப் பெயரைத் தேடும் பெட்டியை வைக்கும் மென்பொருளை வாங்குவோம் என்பார் ஒருவர். பெரிய கம்பெனி ஒன்றின் மனிதவளத் துறையில் எனக்கு ஆள் தெரியும், நேரே போய்ப் பேசுவோம் என்பார் இன்னொருவர். கம்பெனிகளுக்காக மேட்சிங்கை நடத்திக் கொடுக்கும் பெனிவிட்டி மாதிரி இணையதளங்களில் பெயரைப் பதிந்தால் போதும், மற்றது தானாக வரும் என்பார் மூன்றாமவர். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய ஆளும் இல்லை, காசும் இல்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிய அமைப்பு என்றால் முதலில் தளங்களில் பதிவு, கூடவே நன்கொடையாளர்களிடம் கையால் கேட்பது. அது ஓடத் தொடங்கிய பிறகு ஏதாவது ஒரு கம்பெனியோடு நேரடிப் பேச்சு. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் கடைசி. பெரிய அமைப்புகளுக்கு இந்த வரிசை மாறும், அதற்கும் வருகிறேன். ஏன் இப்படி என்பது, பணம் எந்த இடத்தில் நழுவுகிறது என்று பார்த்தாலே புரிந்துவிடும்.

பணம் நழுவும் இடம்

நன்கொடையாளர் ஒருவர் 5,000 கொடுக்கிறார், அவர் கம்பெனியில் ஒன்றுக்கு ஒன்று மேட்சிங் உண்டு என்று வைத்துக்கொள்வோம். அமைப்புக்கு இன்னொரு 5,000 வர வேண்டுமானால் என்னவெல்லாம் நடக்க வேண்டும்? தன் கம்பெனியில் இப்படி ஒன்று இருப்பது முதலில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனியின் உள்தளத்தில் நுழைந்து அமைப்பின் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடினால் அது கிடைக்க வேண்டும். கொடுத்த தேதி, தொகை எல்லாம் போட்டு, ரசீதை இணைத்து அவர் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். பிறகு கம்பெனியின் சார்பில் அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் வரும்: இன்னார் இந்தத் தேதியில் இவ்வளவு கொடுத்ததாகச் சொல்கிறார், சரிதானா என்று. யாராவது அதைத் திறந்து, உள்ளே போய், சரி என்று உறுதிசெய்ய வேண்டும். அப்புறம்தான் பணம் கிளம்பும், அதுவும் அன்றைக்கே வராது, பல கம்பெனிகள் மாதத்துக்கு ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ மொத்தமாகத்தான் அனுப்புகின்றன.

இதில் முதல் படியும் கடைசிக்கு முந்தைய படியும்தான் அதிகம் உடைகின்றன. முதல் படி ஏன் உடைகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த கையேட்டில் எங்கோ ஒரு பத்தியாக மேட்சிங் இருந்திருக்கும், அதை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? மற்றதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. உறுதி கேட்கும் மின்னஞ்சல் எப்போதோ பொறுப்பிலிருந்து விலகிப்போன பொருளாளரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். இல்லையென்றால் பழக்கமில்லாத பெயரில் வந்ததால் ஸ்பேம் பெட்டியில் கிடக்கும். கெடு தாண்டினால் விண்ணப்பம் காலாவதியாகிவிடும். நன்கொடையாளர் தன் வேலையைச் செய்துவிட்டார், கம்பெனியும் தரத் தயாராக இருக்கிறது, அமைப்பு ஒரு பொத்தானை அழுத்தாததால் பணம் வரவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் இதைச் சரிசெய்ய ஒரு காசு செலவில்லை.

விதிகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் ஒன்றுக்கு ஒன்று, சில இடங்களில் பாதிதான், அரிதாக இரண்டு மடங்கு. குறைந்தபட்சத் தொகை உண்டு, ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு. மைக்ரோசாஃப்ட் அமெரிக்காவில் உள்ள தன் ஊழியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 15,000 டாலர் வரை ஈடு போடுகிறது, பல கம்பெனிகளின் வரம்பு இதில் ஒரு சிறு பங்குகூட இருக்காது. சில கம்பெனிகள் ஓய்வுபெற்றவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன, சில பகுதிநேர ஊழியர்களைச் சேர்ப்பதில்லை. கோயில், தேவாலயம், மசூதி போன்ற வழிபாட்டு இடங்களுக்கும் அரசியல் சார்ந்த அமைப்புகளுக்கும் பெரும்பாலான திட்டங்களில் இடம் இல்லை. விண்ணப்பிக்கும் கெடு சில இடங்களில் நன்கொடை கொடுத்த நாளிலிருந்து சில மாதங்கள், சில இடங்களில் அந்த ஆண்டின் கடைசி நாள். இவ்வளவு வேறுபாட்டையும் ஒரு சிறு அமைப்பு மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. நன்கொடையாளரைத் தன் கம்பெனியில் விசாரிக்க வைத்தால் போதும்.

கையால் செய்வது

இதைத்தான் நான் முதலில் வைக்கிறேன், இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லவும் போகிறேன். "கையால் செய்வது" என்றதும் பெரிய வேலை என்று தோன்றும், உண்மையில் மூன்றே காரியங்கள்தான்.

நன்கொடைப் படிவத்தில் "நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனம்" என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். கட்டாயம் ஆக்கக் கூடாது. கட்டாயக் கட்டம் ஒன்று கூடினால் பாதியில் விட்டுப்போகிறவர்கள் கூடுவார்கள், மேட்சிங்குக்கு ஆசைப்பட்டு அசல் நன்கொடையை இழப்பது புத்திசாலித்தனம் இல்லை. கட்டத்துக்குக் கீழே ஒரு வரி காரணம் எழுதுங்கள்: உங்கள் நிறுவனமும் இதற்கு ஈடாகக் கொடுக்க வாய்ப்பிருக்கிறது, அதற்காகக் கேட்கிறோம் என்று. காரணம் தெரிந்தால் பலர் நிரப்புவார்கள். படிவத்தில் கேட்க முடியாத பழைய நன்கொடையாளர்கள் விஷயத்தில், அலுவலக மின்னஞ்சல் முகவரியிலிருந்து எழுதுகிறவர்களைப் பார்த்தாலே கம்பெனி தெரிந்துவிடும். சமூக ஊடகத்தில் ஒவ்வொருவராகத் தேடி எங்கே வேலை பார்க்கிறார் என்று துப்பறியும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. அவரே சொன்னதை வைத்து எழுதினால் நன்றாக இருக்கும். சொல்லாததைக் கண்டுபிடித்து எழுதினால் நம்பிக்கை போகும்.

அடுத்தது கடிதம். நன்றிக் கடிதம் எப்படியும் போகும், அதிலேயே சேர்த்துவிடலாம் என்றுதான் பலரும் செய்கிறார்கள். அதைவிட நன்றியை நன்றியாக அனுப்பிவிட்டு, சில நாள் கழித்து மேட்சிங் பற்றி மட்டும் ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புவது நல்லது. நன்றிக்குள்ளேயே இன்னொரு கோரிக்கை ஒளிந்திருந்தால் நன்றி தேய்ந்துபோகிறது, கோரிக்கையும் கண்ணில் படுவதில்லை. கடிதம் இந்த அளவு இருந்தால் போதும்:

"வணக்கம். போன வாரம் நீங்கள் கொடுத்த 5,000 வந்து சேர்ந்தது. உங்கள் நிறுவனம் ஊழியர்களின் நன்கொடைக்கு ஈடு போடுகிறதா என்று ஒரு முறை பார்க்க முடியுமா? நிறுவனத்தின் உள்தளத்திலோ மனிதவளத் துறையிலோ தெரிந்துகொள்ளலாம். விண்ணப்பத்துக்குத் தேவையானது எல்லாம் கீழே இருக்கிறது: எங்கள் அமைப்பின் பதிவுப் பெயர், பதிவு எண், முகவரி, நீங்கள் கொடுத்த தேதி, ரசீது எண். ரசீதை இணைத்திருக்கிறோம். அனுப்பிவிட்டால் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

இதில் முக்கியமானது பதிவுப் பெயர். ஊரெல்லாம் ஒரு பெயரில் அழைக்க, பதிவுப் பத்திரத்தில் வேறு பெயர் இருக்கும் அமைப்புகள் நிறைய உண்டு. ஊழியர் தனக்குத் தெரிந்த பெயரைப் போட்டுத் தேடுவார், கிடைக்காது, சரி இவர்கள் பட்டியலில் இல்லை போலிருக்கிறது என்று மூடிவிடுவார். பதிவு எண்ணைக் கையில் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

மூன்றாவது, ஒரு எக்செல் தாள். பெயர், கம்பெனி, தொகை, தேதி, கடிதம் போன நாள், அவர் விண்ணப்பித்த நாள், நாம் உறுதிசெய்த நாள், பணம் வந்த நாள். கடைசி மூன்று கட்டங்களில் காலியாக இருப்பவர்களை மாதம் ஒரு முறை பார்த்து, இன்னொரு முறை மட்டும் நினைவூட்டுவது. இரண்டாவது முறைக்கு மேல் நச்சரிக்க வேண்டாம். இந்தத் தாளை வைத்திருக்கிற ஒருவர், உறுதி கேட்டு வரும் மின்னஞ்சல்களுக்கும் அவரே பொறுப்பு என்று எழுதிவைத்துவிட்டால் கசிவு பாதி நின்றுவிடும்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். நன்கொடையாளர் எண்ணிக்கை சில நூறு இருக்கும்வரை இது ஓடும், ஆயிரங்களுக்குப் போனால் ஒருவரால் முடியாது. பொறுப்பாக இருப்பவர் மாறினால் எல்லாம் நின்றுபோகும் ஆபத்தும் இருக்கிறது. இருந்தாலும் இதற்கு ஈடான இன்னொரு பயன் வேறு எந்த வழியிலும் கிடைக்காது: உங்கள் நன்கொடையாளர்கள் எந்தக் கம்பெனிகளில் கொத்தாக இருக்கிறார்கள் என்பது சில மாதங்களில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பின்னால் எடுக்கப்போகும் எல்லா முடிவுக்கும் அந்தத் தகவல்தான் ஆதாரம்.

தளங்களில் பதிவு

பெரும்பாலான பெரிய கம்பெனிகள் மேட்சிங்கைத் தாங்களே நடத்துவதில்லை, அதற்கென்றே இருக்கும் தளங்களிடம் விட்டுவிடுகின்றன. கனடாவின் கால்கரி நகரில் 2008-இல் தொடங்கிய பெனிவிட்டி, பிளாக்பாடு கம்பெனியின் கீழ் இருக்கும் யுவர்காஸ், பழைய சைபர்கிராண்ட்ஸை உள்ளடக்கிய பான்டெரா ஆகியவை இதில் தெரிந்த பெயர்கள். இந்தத் தளங்களில் உங்கள் அமைப்பின் பக்கத்தைக் கைப்பற்றிச் சரிசெய்வதுதான் வேலை. கைப்பற்றுவது என்று வேண்டுமென்றே சொல்கிறேன், ஏனென்றால் அரசுப் பதிவுப் பட்டியலிலிருந்து எடுத்து உங்கள் பெயரை அவர்கள் ஏற்கெனவே போட்டிருக்க வாய்ப்பு உண்டு, பழைய முகவரியோடு, வங்கிக் கணக்கு இல்லாமல். அப்படி இருந்தால் உங்களுக்காக வரும் பணம் காசோலையாகப் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பும்.

கையால் கேட்பதோடு இதை ஒப்பிட்டால் என்ன தெரிகிறது? பதிவு தனியாக நின்றால் பணம் கொண்டுவராது. ஆயிரக்கணக்கான அமைப்புகள் இருக்கும் பட்டியலில் உங்கள் பெயரும் ஒன்று, அவ்வளவுதான். உங்களைத் தெரிந்த ஊழியர் தேடும்போது நீங்கள் கிடைக்க வேண்டும், பணம் நேரே வங்கிக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் பதிவு. கதவைத் திறந்து வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆளை அழைத்து வருவது நம் கையில் இருக்கிறது. ஆனால் கதவு மூடியிருந்தால் அழைத்ததும் வீண், அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறேன்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது நிறைய இல்லை. தொடர்பு மின்னஞ்சலாக ஒருவருடைய சொந்த முகவரியைக் கொடுக்காமல், ஆள் மாறினாலும் மாறாத பொது முகவரியைக் கொடுங்கள். பணப்பட்டுவாடாவுக்கு எவ்வளவு கட்டணம் பிடிக்கிறார்கள், காசோலைக்கும் வங்கிப் பரிமாற்றத்துக்கும் கட்டணம் வேறுபடுகிறதா என்று பாருங்கள். கம்பெனி இருக்கும் நாடு வேறு, அமைப்பு இருக்கும் நாடு வேறு என்றால் தொண்டு அமைப்புகளின் ஆவணங்களைப் பார்த்து உறுதிசெய்யும் டெக்சூப் போன்ற அமைப்புகள் வழியாகச் சரிபார்ப்பு கேட்பார்கள், ஆவணங்களைத் தயாராக வைத்திருங்கள். வெளிநாட்டுப் பணம் வாங்க உங்கள் நாட்டுச் சட்டம் தனி அனுமதி கேட்கிறதா என்பதைப் பதிவதற்கு முன்பே கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள், பணம் வந்த பிறகு கேட்பதில் பயன் இல்லை. இன்னொன்று, இந்தத் தளங்கள் ஒன்றையொன்று வாங்குவதும் பெயர் மாறுவதும் வழக்கம். யுவர்காஸை பிளாக்பாடு 2019-இல் வாங்கியது, பான்டெரா என்ற பெயர் வந்ததே 2022-இல்தான். வருடத்துக்கு ஒரு முறையாவது எல்லாக் கணக்கிலும் நுழைந்து விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காவிட்டால், எப்போதோ பதிந்தது எங்கே போனது என்றே தெரியாது.

மென்பொருள்

நன்கொடைப் பக்கத்தில் ஒரு தேடல் பெட்டி. கம்பெனிப் பெயரை அடித்தால் அங்கே மேட்சிங் உண்டா, வரம்பு எவ்வளவு, விண்ணப்பம் எங்கே என்று காட்டும், பிறகு தானாகவே நினைவூட்டல் அனுப்பும். டபுள் த டொனேஷன் இந்த வகையில் பரவலாகத் தெரிந்தது. பொருள் நல்ல பொருள்தான். நன்கொடை கொடுத்த கை சூடு ஆறுவதற்குள் விண்ணப்பத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது, சில கம்பெனிகளுக்கு அங்கேயே விண்ணப்பத்தை அனுப்பிவிடவும் முடிகிறது. கையால் அனுப்பும் கடிதம் இந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது.

வாங்கலாமா வேண்டாமா என்பதை விற்பவர் காட்டும் எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது. மென்பொருள் வழியாக வந்த மொத்த மேட்சிங் எவ்வளவு என்று அவர்கள் காட்டுவார்கள், கையால் கேட்டிருந்தாலே வந்திருக்கும் பணமும் அதில் கலந்திருக்கும். நாம் பார்க்க வேண்டியது கூடுதலாக எவ்வளவு என்பதை மட்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு. ஆண்டுக்கு 400 பேர் கொடுக்கிறார்கள், அதில் 40 பேர் மேட்சிங் உள்ள கம்பெனிகளில் இருக்கிறார்கள், சராசரி நன்கொடை 2,000. கையால் கேட்டால் 10 பேர் விண்ணப்பிக்கிறார்கள், 20,000 வருகிறது. மென்பொருள் வைத்தால் 16 பேர், 32,000. கூடுதல் 12,000. சந்தா அதற்கு மேல் என்றால் நஷ்டம், கீழே என்றாலும் அதை அமைத்துப் பராமரிக்கும் நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். இதே விகிதத்தில் 8,000 பேர் கொடுக்கும் அமைப்புக்குக் கூடுதல் 2,40,000. அதுவும் அங்கே கையால் கேட்க ஆளே போதாது என்பதால் உண்மையான வித்தியாசம் இன்னும் பெரிதாக இருக்கும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் நன்கொடையாளர்கள் இருக்கும் பல்கலைக்கழகம், மருத்துவமனை அறக்கட்டளை போன்றவற்றுக்கு மென்பொருளை முதலிலேயே வாங்கச் சொல்வேன், சின்ன அமைப்புக்குச் சொல்ல மாட்டேன்.

உங்கள் நன்கொடையாளர்கள் யார் என்பதும் முக்கியம். பெரும்பாலும் கடைக்காரர்கள், விவசாயிகள், சொந்தத் தொழில் செய்கிறவர்கள், சிறு கம்பெனி ஊழியர்கள் என்றால் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் தேடல் பெட்டி காலியாகத்தான் திரும்பும். எக்செல் தாளில் கம்பெனிப் பெயர்கள் சேர்வதற்கு முன்பு இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

ஒரே கம்பெனியோடு நேரடிப் பேச்சு

தாளில் ஒரே கம்பெனியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே நேரே போவதில் அர்த்தம் இருக்கிறது. அந்தக் கம்பெனியில் மேட்சிங் இல்லாமலே இருக்கலாம். நிரந்தரத் திட்டம் கேட்டால் தலைமையகம் வரை போக வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும். குறிப்பிட்ட ஒரு மாதம், குறிப்பிட்ட ஒரு தேவை, ஊழியர்கள் கொடுப்பதற்கு ஈடாகக் கம்பெனி இந்த வரம்பு வரை போடும் என்று சிறிய ஏற்பாடாகக் கேட்டால் கிளை அளவிலேயே முடிவெடுப்பார்கள். போகும்போது அங்கே வேலை பார்க்கும் நம் நன்கொடையாளர் ஒருவரும் கூட வர வேண்டும். "உங்கள் ஊழியர்கள் இத்தனை பேர் ஏற்கெனவே எங்களுக்குக் கொடுக்கிறார்கள்" என்று சொல்வதில் இருக்கும் பலம் எந்த விளக்கக் கையேட்டிலும் இல்லை. எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள், பெயர்களை அவர்கள் அனுமதி இல்லாமல் சொல்ல வேண்டாம்.

எத்தனை மடங்கு கேட்பது என்ற கேள்வி இங்கே வரும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்றால் கூட்டம் குவியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். டீன் கார்லன், ஜான் லிஸ்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2007-இல் வெளியிட்ட கள ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. முன்பு கொடுத்த 50,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கடிதம் அனுப்பினார்கள், சிலருக்கு மேட்சிங் உண்டு என்று, சிலருக்கு அந்தப் பேச்சே இல்லாமல். மேட்சிங் உண்டு என்ற கடிதங்களில் கொடுப்பவர் விகிதம் 22 சதவீதம் கூடியது, ஒரு கடிதத்துக்குச் சராசரியாக வந்த பணம் 19 சதவீதம் கூடியது. ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்பதை இரண்டாகவோ மூன்றாகவோ ஆக்கியதால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. அதில் ஈடு போட்டது கம்பெனி இல்லை, பெரிய கொடையாளர், அதனால் அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் ஒன்றுக்கு ஒன்று கேட்டுவிட்டு, மீதி பேரம் பேசும் பலத்தை வரம்பை உயர்த்துவதில் செலவழிப்பதே மேல் என்று இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. மூன்று மடங்கு என்றால் கம்பெனியின் பணம் சீக்கிரம் தீரும், கடைசியில் கொடுக்க வரும் ஊழியருக்கு ஈடு இருக்காது.

கம்பெனி ஒரு பெரிய தொகை தரத் தயார், அதை மேட்சிங்காக வைப்பதா, நேரே வாங்கிக்கொண்டு அறிவிப்பதா என்ற நிலை வந்தால் யோசிக்க வேண்டிய இன்னொரு ஆய்வு இருக்கிறது. ஸ்டெஃபன் ஹுக், இம்ரான் ரசூல் இருவரும் ஜெர்மனியில் பவேரிய அரசு ஓப்பரா அரங்கத்தோடு சேர்ந்து நடத்தி 2011-இல் வெளியிட்டது. ஒரு பெரிய கொடையாளர் ஏற்கெனவே 60,000 யூரோ கொடுத்துவிட்டார் என்று மட்டும் சொன்ன கடிதங்களுக்கு, அதே பணத்தை ஈடாகப் போடுவார் என்று சொன்ன கடிதங்களைவிட மக்கள் தங்கள் கையிலிருந்து அதிகம் கொடுத்தார்கள். ஈடு என்றதும் சிலர் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டார்கள். ஆகவே கம்பெனி நிபந்தனை இல்லாமல் தரத் தயாராக இருக்கும் பணத்தை நாமாகவே மேட்சிங்காக மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டாம். வாங்கிக்கொண்டு, நன்றியோடு அறிவித்து, அதைச் சொல்லி மற்றவர்களிடம் கேட்கலாம். கம்பெனியின் விருப்பமே தன் ஊழியர்களை ஈடுபடுத்துவதுதான் என்றால் மேட்சிங் சரியானது.

கம்பெனி முழுத் தொகையையும் எப்படியும் தரப்போகிறது என்றால் "நீங்கள் கொடுத்தால்தான் அவர்களும் கொடுப்பார்கள்" என்று மக்களிடம் சொல்லக் கூடாது. வரம்பு தீர்ந்த பிறகும் "உங்கள் பணம் இரட்டிப்பாகும்" என்ற அறிவிப்பை நன்கொடைப் பக்கத்தில் விட்டுவைக்கக் கூடாது. இது சட்டத்துக்குப் பயந்து சொல்வது இல்லை, கொடுக்கிறவர்கள் நம்மை நம்பித்தான் கொடுக்கிறார்கள்.

மற்ற இரண்டு வழிகள், சுருக்கமாக

தன்னார்வ வேலைக்குக் கம்பெனி பணம் தருவது ஒன்று. ஊழியர் நம் அமைப்பில் வந்து வேலை செய்த மணிநேரத்துக்கு இவ்வளவு என்று கம்பெனி கொடுக்கும். மைக்ரோசாஃப்ட் அமெரிக்காவில் மணிக்கு 25 டாலர் தருகிறது. பல கம்பெனிகளில் ஆண்டுக்கு இத்தனை மணிநேரமாவது செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். ஏற்கெனவே தன்னார்வலர்கள் வந்துபோகும் அமைப்பு என்றால் இதை விடவே கூடாது, வருகைப் பதிவேட்டில் கம்பெனிப் பெயருக்கு ஒரு கட்டம் சேர்த்து, நேரத்தை ஒழுங்காகக் குறித்தால் போதும். கையில் பணம் இல்லாதவர்களும் இந்த வழியில் அமைப்புக்குப் பணம் கொண்டுவர முடிகிறது, எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான். தன்னார்வலர்களே இல்லாத அமைப்பு இதற்காக மட்டும் ஆள் சேர்க்க ஆரம்பித்தால், அவர்களுக்கு வேலை கொடுப்பதே தனி வேலையாகிவிடும்.

சம்பளத்திலேயே மாதாமாதம் பிடிக்கும் ஏற்பாடு மற்றொன்று. பிரிட்டனில் இது 1987-இலிருந்தே இருக்கிறது. சம்பளப் பிடித்தத்தோடு மேட்சிங்கும் சேர்ந்திருந்தால் ஊழியர் ஒரு முறை பதிந்தால் போதும், பிறகு எல்லாம் தானாக நடக்கும், விண்ணப்பம் மறக்கும் பிரச்சினையே இல்லை. ஏற்கெனவே மாதாமாதம் கொடுப்பவர்களிடம் இதற்கு மாற முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: இந்த வழியில் சில தளங்கள் கொடுத்தவர் யார் என்பதைச் சொல்லாமல் மொத்தத் தொகையை மட்டும் அனுப்பும். நேரடியாகக் கொடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நம் பட்டியலிலிருந்து மறைந்த மாதிரி இருக்கும், அவருக்கு நன்றி சொல்லவும் முடியாது. மாறச் சொல்லும்போதே, பெயரைப் பகிர அனுமதிக்கும் கட்டத்தைத் தேர்வுசெய்யச் சொல்லிவிடுங்கள்.

கணக்கில் எழுதும்போது

எந்த வழியில் போனாலும் இது பொது. மேட்சிங் பணம் கம்பெனியின் நன்கொடை, ஊழியருடையது இல்லை. வரிச்சலுகை ரசீது ஊழியருக்கு அவர் கொடுத்த 5,000-க்கு மட்டும்தான், 10,000-க்குக் கொடுத்துவிடக் கூடாது. ஊழியரால் வந்தது என்பதைத் தனிக் குறிப்பாக அவர் பெயருக்கு நேரே எழுதிவைத்து, பணம் வந்ததும் அவருக்குச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் விண்ணப்பித்ததோடு என்ன ஆயிற்று என்றே தெரியாமல் இருப்பார்கள், வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் அடுத்த முறை நினைவூட்டத் தேவையே இருக்காது.

விருந்து, இசை நிகழ்ச்சி நடத்தி டிக்கெட் விற்றிருந்தால் டிக்கெட்டுக்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்ததன் மதிப்பைக் கழித்துவிட்டு மீதியைத்தான் பல கம்பெனிகள் நன்கொடையாக ஏற்கும். ஒருவர் 50,000 தருவதாக எழுத்தில் வாக்குக் கொடுத்திருந்தால், கம்பெனியின் மேட்சிங்கை அந்த வாக்கில் வரவு வைக்க நிறைய திட்டங்கள் விடுவதில்லை. உறுதிசெய்யும் பக்கத்தில் இதெல்லாம் சிறிய எழுத்தில் இருக்கும், பொத்தானை அழுத்தும்போது நாம் கையெழுத்துப் போடுகிறோம் என்று நினைத்துப் படிக்க வேண்டும்.

சரி, எதை எப்போது?

நன்கொடையாளர்கள் சில நூறு பேர், முழுநேர ஊழியர் ஒருவரோ இருவரோ என்றால்: இந்த மாதம் தளங்களில் பதிவைச் சரிசெய்யுங்கள், படிவத்தில் கட்டத்தைச் சேருங்கள், ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஆறு மாதம் தாளை நிரப்புங்கள். எந்த மென்பொருள் விற்பனையாளர் அழைத்தாலும் அதுவரை பதில் சொல்ல வேண்டாம். ஆறு மாதத்தில் ஒரே கம்பெனியிலிருந்து ஐந்தாறு பேராவது தென்பட்டால் அங்கே ஒரு மாத ஏற்பாட்டுக்குப் பேசுங்கள். தென்படவில்லை என்றால், உங்கள் நன்கொடையாளர்கள் மேட்சிங் இருக்கும் இடங்களில் இல்லை என்று அர்த்தம், அப்போது இதில் இன்னும் நேரத்தைக் கொட்டாமல் மாதாந்திர நன்கொடையாளர்களைச் சேர்ப்பது போன்ற வேறு வேலைக்குப் போவதுதான் சரி.

ஆயிரங்களில் நன்கொடையாளர்கள், அதில் பெரும்பகுதி இணையம் வழியாக, பெரிய கம்பெனி ஊழியர்கள் நிறைய என்றால் மென்பொருளும் பதிவும் முதலில். கையால் கேட்பதைப் பெரிய தொகை கொடுப்பவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் லட்சம் கொடுத்திருக்கும்போது தானியங்கி மின்னஞ்சலை நம்பி விடக் கூடாது, தொலைபேசியில் ஒருவர் பேசினால் விண்ணப்பம் அன்றைக்கே போய்விடும்.

நடுவில் இருப்பவர்களுக்குத்தான் முடிவு கடினம், ஆயிரம் இரண்டாயிரம் நன்கொடையாளர்கள் இருப்பவர்களைச் சொல்கிறேன். அவர்கள் மென்பொருளை ஒரு வருட ஒப்பந்தத்தில் வாங்கலாம், தானாகப் புதுப்பிக்கும் பிரிவு இருந்தால் கையெழுத்துக்கு முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள். வாங்குவதற்கு முந்தைய வருடத்தில் கையால் எத்தனை விண்ணப்பம் வந்தது என்ற எண் உங்களிடம் இருக்க வேண்டும், அது இல்லாமல் வாங்கினால் வருடக் கடைசியில் பயன் இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது கூடுதலாக வந்ததையும் சந்தாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அப்போதே புதுப்பிப்பதா நிறுத்துவதா என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நிறுத்துவதாக இருந்தால், அதில் சேர்ந்திருக்கும் நன்கொடையாளர்–கம்பெனி விவரம் முழுவதையும் கணக்கு மூடுவதற்கு முன்பு இறக்கி எக்செல் தாளில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.